அவுட்பாக்ஸ்னா ‘வெளியே போயாச்சு’ன்னு அர்த்தமா?

வீட்டுக்கு வீடு போய் கம்ப்யூட்டர் சரிபார்க்கிற தொழிலில், கம்ப்யூட்டருக்குப் பத்து நிமிஷம் போதும். அதைச் சுற்றி நிற்கிறவர்களுக்குத்தான் அரை நாள் ஆகும். தாம்பரத்திலிருந்து சிறுசேரி வரைக்கும் ஸ்கூட்டரில் அலைகிறவள் சொல்கிறேன், நம்புங்கள். அதிலும் இந்த மெயில் தொல்லை உங்களுக்கும் நேர்ந்திருக்கும். ஒரு மெயில் முகவரியைக் கிளிக் பண்ணினால் உங்கள் மெயில் திறக்காது. கூப்பிடாத விருந்தாளி மாதிரி வேறொரு புரோகிராம் வந்து நிற்கும். எது திறக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் முன்னாடியே குறித்து வைத்திருப்பதற்கு ‘டிஃபால்ட்’ என்று பேர். அதை மாற்றப் போய் நான் திட்டு வாங்கியதும் உண்டு, சிரித்ததும் உண்டு. செல்வி என்கிற பெண்ணின் வீட்டில் அசந்துபோய் நின்றதும் உண்டு.

எப்போதுமா, ஒரு தடவையா?

திருநீர்மலைப் பக்கம் ரிட்டையர்டு சார் ஒருவர். கதவைத் திறந்ததும் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், மெக்கானிக் எங்கே என்று. “நான்தான் சார் மெக்கானிக்” என்றேன், கொஞ்சம் சுள்ளென்றே. தினமும் மெயில் திறக்கும்போதெல்லாம் ‘எந்த புரோகிராம்?’ என்று கேட்டு உயிரை வாங்குகிறதாம். பார்த்தால், கீழே ‘எப்போதும்’, ‘ஒரு தடவை மட்டும்’ என்று இரண்டு பட்டன். மனுஷர் தினமும் ‘ஒரு தடவை மட்டும்’ அமுக்கியிருக்கிறார்.

“எப்போதும்னு அமுக்கினா வேலை முடிஞ்சுதே சார்!” என்றேன். அவர் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “எப்போதும்னு வாழ்க்கையில ஒரு தடவைதாம்மா சொல்லியிருக்கேன், அதுக்கப்புறம் எதுலயும் யோசிச்சுதான் கை வைக்கிறது.”

ஃபால்ட் யார் மேல?

ராஜகீழ்ப்பாக்கத்தில் பெயின்ட் கடை வைத்திருக்கும் ஜமால் பாய் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். பழையதைத் தன் கடையில் பில் போடுகிற செல்விக்குக் கொடுத்துவிட்டார். பி.காம். முடித்த பெண், சிறுசேரிப் பக்கம் ஆபீஸ் வேலைகளுக்கு எழுதிப் போட்டுக்கொண்டே இருக்கிறாள், பதிலே வரவில்லை என்று பாய்க்கு அவளைவிட அதிகக் கவலை. புதுசு வந்த கையோடு தன் மெயில் பாஸ்வேர்டையும் மாற்றிக்கொண்டார். ஆனால் மெயில் மட்டும் சரியாகத் திறக்கவில்லை. “பாய், டிஃபால்ட் மாறியிருக்கு” என்றேன். அவ்வளவுதான், முகம் சிவந்துவிட்டது.

“ஃபால்ட்டா? போன வாரம் வாங்கின பீஸ்ல ஃபால்ட்டா!” என்று கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரனுக்குப் போன் போடக் கிளம்பிவிட்டார். போனைப் பிடுங்காத குறையாக உட்கார வைத்து, டிஃபால்ட் வேறு, ஃபால்ட் வேறு என்று புரியவைத்தேன். மெயில் திறந்தது. பாய் டீ வரவழைத்தார். “பேஜார் புடிச்ச வார்த்தை மேடம், அடுத்த தபா தமிழ்ல சொல்லுங்க. சரி, அப்படியே செல்வி வூட்டுக்கும் ஒரு நடை போய்ட்டு வந்துடுங்க, அதுலயும் ஏதோ பெட்டி வந்து வந்து நிக்குதாம்.”

அடுத்தவங்க பாஸ்வேர்டு

செல்வியின் அம்மா மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். கடலோரக் குப்பத்திலிருந்து வந்து இங்கே வாடகைக்கு இருக்கிறார்கள். நான் போனபோது செல்வி அன்றைக்கே அனுப்ப வேண்டிய ஒரு விண்ணப்பத்தோடு உட்கார்ந்திருந்தாள். “இதுக்கும் பதில் வரலன்னா விட்டுர்றேன் அக்கா. நான் எதுக்குமே லாயக்கில்ல போல” என்றாள். சொன்ன குரலில் அழுகைகூட இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வேலை விளம்பரத்தில் இருந்த முகவரியைக் கிளிக் பண்ணச் சொன்னேன். பாய் காலத்துப் பழைய மெயில் புரோகிராம் திறந்தது. உடனே திரையில் ஒரு பெட்டி வந்து பாய் பெயரைச் சொல்லிப் பாஸ்வேர்டு கேட்டது. செல்வி கொஞ்சமும் யோசிக்காமல் ‘கேன்சல்’ அமுக்கினாள். “அது பாயோட பாஸ்வேர்டு அக்கா, அடுத்தவங்களோடது நமக்கு எதுக்கு?” இப்படி ஒரு பெண்ணை இந்தத் தொழிலில் நான் பார்த்ததில்லை, கேட்காமலே பாஸ்வேர்டை ஊருக்கெல்லாம் ஒப்பிக்கிறவர்கள்தான் எனக்கு வாய்ப்பார்கள். ஆனால் பாஸ்வேர்டு கொடுக்காமல் மெயில் எப்படிப் போயிருக்கும்? அவுட்பாக்ஸைத் திறந்தேன். அவள் எழுதிய விண்ணப்பங்கள் அத்தனையும் வரிசையாக அங்கேயே கிடந்தன. பாஸ்வேர்டு இல்லாமல் ஒன்றுகூட வீட்டை விட்டுக் கிளம்பவில்லை.

“அவுட்பாக்ஸ்னா அவுட்டு, வெளிய போய்டுச்சுன்னுதானே அக்கா அர்த்தம்?” என்றாள். வெளியே போகக் காத்திருக்கிறது என்று அர்த்தம் என்றேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். “இன்னாடி இது, லெட்டர வூட்லயே வச்சிகினு தபால்காரன திட்டிகினு இருந்தமா!” எனக்குக் கண் நிறைந்துவிட்டது. செல்வி திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெல்லத் திரும்பினாள், முகமெல்லாம் சிரிப்பு.

“அப்போ என்னை யாருமே வேணாம்னு சொல்லலியாக்கா?”

வந்தது பதில்

டிஃபால்ட்டை மாற்றி, அவளுடைய சொந்த மெயிலே திறக்கும்படி வைத்தேன். பழையதில் கெடு முடிந்தவற்றை விட்டுவிட்டு, மீதியை அன்றைக்கே உட்கார்ந்து திரும்ப அனுப்பினாள். ஒவ்வொன்றும் ‘சென்ட்’, அதாவது அனுப்பியாச்சு என்கிற பக்கத்துக்குப் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டாள். “மீன் கூடை எங்கயும் ஓடிடாது, நீ எழுது” என்று அம்மா டீ போடப் போய்விட்டார்.

சில நாள் கழித்து வேளச்சேரி ரோட்டில் சிக்னலில் நிற்கிறேன், செல்வி போன் பண்ணினாள். மூச்சு வாங்குகிறது. வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்து வண்டியை ஓரம் கட்டினேன்.

“அக்கா, ஒரு கம்பெனில நான் வேணாமாம்! ‘அன்புள்ள செல்வி’ன்னு பேரு போட்டு வந்துகீதுக்கா! மெயில் போவுது அக்கா, சூப்பரா போவுது, இனிமே நான் விட மாட்டேன்!”

‘வேண்டாம்’ என்று பதில் வந்ததற்கு வஞ்சிரம் வறுத்துக் கொடுத்தனுப்புகிற தாயும் மகளும் வாடிக்கையாளராகக் கிடைப்பது, எனக்குத் தெரிந்து, இந்த ஒரு தொழிலில்தான்.