மாரியப்பன் காதில் விழுந்த சத்தம்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். பேய், பிசாசு, சகுனம் எதையும் நம்பாதவள் நான். இருபது வருஷமாகத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். துணியில் ஓட்டை இருக்கிறது என்று யார் சொன்னாலும், என் கண்ணால் பார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கர்ப்பப்பையை எடுத்த மூன்றாவது வாரம், லீவு பாரத்தில் கையெழுத்துப் போடக் கம்பெனிக்குப் போயிருந்தேன். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. மறுநாள் மூலனூரில் அண்ணன் மகன் கல்யாணத்துக்குப் பஸ் ஏறுவதாக இருந்தேன். அப்போது மாரியப்பன் எதிரே வந்தான். கோவில்பட்டிப் பக்கத்து ஆள், நிட்டிங் மெஷின்களைப் பழுது பார்ப்பவன். அந்த இரைச்சலிலேயே நின்று நின்று அவனுக்குக் காது போய்விட்டது, தோளைத் தட்டினால்தான் திரும்புவான். என்னைக் கடந்து போனவன் நின்று, திரும்பி வந்தான்.

“யக்கா, ஒங்க அடிவயித்துல ஒரு சத்தம் கேக்கு. சர்ர்... சர்ர்னு. எங்கயோ லீக் ஆகுது.”

எனக்கு வந்ததே கோபம்! “பொம்பளகிட்டப் பேசற பேச்சாப்பா இது?” என்று கத்தினேன். அது அவன் காதில் விழவில்லை.

திட்டிவிட்டேனே தவிர, மனசு கேட்கவில்லை. சாயங்காலமே ஆபரேஷன் செய்த டாக்டரம்மாவிடம் போய், வலிக்கிறது என்று பொய் சொன்னேன். சலித்துக்கொண்டே ஸ்கேன் எடுத்தவர் சட்டென்று திரைப்பக்கம் குனிந்தார். எதையோ அழுத்தினார். மெஷினிலிருந்து ஒரு சத்தம் வந்தது பாருங்கள், சர்ர்... சர்ர்... அவன் வாயால் செய்து காட்டிய அதே சத்தம்.

ஆபரேஷனில் ஒரு ரத்தக்குழாய் லேசாகக் காயப்பட்டு, ரத்தம் வெளியே கசிந்து பை மாதிரி துடித்துக்கொண்டிருந்ததாம். எப்போது வேண்டுமானாலும் உடைந்திருக்குமாம். “பஸ்ஸுல போறப்ப ஒடஞ்சிருந்தா காப்பாத்தறது கஷ்டமுங்க” என்றார். அன்றே பெரிய ஆஸ்பத்திரியில் தொடை வழியாக ஒயர் விட்டு, சின்னச் சுருள் வைத்து அடைத்தார்கள்.

“இந்தச் சத்தம் வெளிய நிக்கறவங்களுக்குக் கேக்குமுங்களா?” என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். “மெஷின் வெக்காம எங்களுக்கே கேக்காதுங்க” என்றார்.

தேறியதும் மாரியப்பனைப் பார்க்கப் போனேன். என் மகள்தான் ஸ்கூட்டியில் கூட்டிப்போனாள். தோளைத் தட்டி, என் வயிற்றைக் காட்டி, இன்னும் கேட்கிறதா என்று சைகையில் கேட்டேன்.

“ஒங்ககிட்ட இல்லக்கா” என்றான். என் மகள் பக்கம் மெதுவாகத் தலையைச் சாய்த்தான். அவன் முகம் மாறியது.

அவளுக்கு இரண்டு முறை தலை முதல் கால் வரை ஸ்கேன் எடுத்தாயிற்று. ஒன்றுமில்லை என்கிறார்கள். மாரியப்பனிடம் திரும்பவும் போய்க் கெஞ்சினேன். “எனக்குத்தான் காது கேக்காதேக்கா” என்று தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

இப்போதெல்லாம் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே எழுந்து ஃபேனை நிறுத்திவிடுகிறேன். வேர்க்கிறது என்று திட்டுகிறாள்.