மறுபடியும் வாங்க

பூக்கடை அக்காவுக்கு மரியாதை தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். சாவு மாலை வாங்க யாராவது வந்தால், அதைக் கையில் கொடுத்த உடனே முதுகைக் காட்டிக்கொண்டு வாளிக்குள் எதையோ தேடுவார். ஒரு 'சரி' கூட வாயிலிருந்து வராது.

நான் சிங்கப்பூரில் ஒரு பேரங்காடி கவுண்டரில் பதினோரு வருஷம் நின்றவள். ஊரோடு வந்துவிடலாம் என்று மனசு அடித்துக்கொண்டிருந்த நேரம், முட்டிவலி தாங்காமல் அக்கா கடையைக் கைமாற்றிவிட்டு பத்து பாகாட் என்ற ஊரில் இருக்கும் தங்கை வீட்டோடு போவதாகச் சொன்னார். எல்லைக்கு இந்தப் பக்கம், பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் கடை. எடுத்துக்கொண்டேன். இனிமேல் பாருங்கள், வாய் இனிக்க வியாபாரம் செய்கிறேன் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்.

முதல் மாதம் ஓர் அண்ணன் வந்தார். அம்மா தவறிவிட்டார்களாம். ரோஜாவும் சம்பங்கியும் வைத்துக் கட்டிக் கொடுத்தேன்.

"தேங்க்யூண்ணே, மறுபடியும் வாங்க."

அவர் வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனார். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சாவு வீட்டில் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லக்கூடாது என்பது தெரியாத தமிழச்சியா நான்? அது கடைக்கும் உண்டு என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மூன்றே வாரத்தில் அதே அண்ணன் வந்து நின்றார். இந்தத் தடவை கூடப்பிறந்தவருக்கு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்றும் பேசக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் கட்டினேன். மாலை கை மாறியதும் பாழாய்ப்போன நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

"மறுபடியும் வாங்கண்ணே."

அன்றைக்கே அக்காவுக்கு போன் போட்டு, "ஏன்க்கா இதச் சொல்லித் தரல?" என்று அழுதேன்.

"அலமாக்! இதையுமா சொல்லித் தருவாங்க? சாவு மாலைக்கு வந்தவங்கள யாராச்சும் திரும்பக் கூப்பிடுவாங்களா லா?" என்றார்.

பத்து நாள் போயிருக்கும். காலையில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அந்த அண்ணன். பூ எதையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"ரெண்டு வாட்டி கூப்பிட்ட, வந்தேன். புள்ளகுட்டி இல்ல தங்கச்சி. வீட்ல இப்ப நானும் என் சம்சாரமும்தான். வராதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லிடேன்."

கோபமே இல்லை அந்தக் குரலில். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. கடைக்காரி வாயால் சொல்லக்கூடிய வார்த்தையா அது? இருந்தாலும் அவர் சம்சாரத்தின் உயிர் என் நாக்கு நுனியில் தொங்குவது போல இருந்தது.

"இனிமே வராதீங்கண்ணே."

அவர் முகம் தெளிந்தது. பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர் மாதிரி சிரித்துவிட்டுப் போனார். எனக்கும் அன்றிரவு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

அடுத்த வாரம் கடை திறந்த கையோடு ஓர் அம்மா வந்தார். தலைகூட வாரவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் காரை அணைக்காமல் வெளியே காத்திருந்தார்.

"சாவு மாலை ஒன்னு வேணும்மா."

"யாருக்கும்மா?"

"எங்க வீட்டுக்காரருக்கு. எப்பவும் அவருதான் இங்க வருவாரு. 'இனிமே அந்தப் பொண்ணு கடைக்கு நான் போகவே வேணாம்'னு அன்னிக்கு அவ்வளவு சந்தோஷமா சொன்னாரு. அதான் நான் வந்தேன்."