யாரா கிளென்னில் ஒரு வெள்ளை அன்னம்

ஞாயிறு காலை பத்தேகாலுக்கு லில்லிடேல் நிலையத்தில் இறங்கினேன். முதல் நாள் சிட்னியிலிருந்து விமானத்தில் மெல்பேர்ன் வந்து, ஆறு டாலருக்கு மைக்கி என்ற பயண அட்டை வாங்கி, ஒரு மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து, இவ்வளவும் ஒரு பறவைக்காக. சிட்னி ஹோம்புஷில் என்னோடு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

வாசலில் நிமலன் காரோடு நின்றிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், முதியோர் இல்லத்தில் வேலை. அதுவரை நேரில் பார்த்ததில்லை. பறவை பார்க்கும் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் போட்ட படம்தான் என்னை இழுத்து வந்தது. நாணல் கூட்டில் ஒரு வெள்ளை அன்னம், பக்கத்தில் அதன் ஜோடி, கறுப்பு. ‘இது என்ன பறவை, ஆராவது சொல்லுங்கோ’ என்று கேட்டிருந்தார்.

இந்த நாட்டுக் காட்டு அன்னம் கறுப்பு. வெள்ளையாக இருந்தால் ஐரோப்பிய அன்னம் எங்கிருந்தோ தப்பி வந்திருக்க வேண்டும், அல்லது கறுப்பு அன்னமே நிறம் இல்லாமல் பிறந்திருக்க வேண்டும். இரண்டாவது மிக அபூர்வம். அலகைப் பார்த்தால் தெரிந்துவிடும். படத்திலோ அது அலகை இறகுக்குள் செருகித் தூங்கிக்கொண்டிருந்தது.

யாரா கிளென்னுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். வழியெல்லாம் திராட்சைத் தோட்டங்கள். வைன் குடிக்க இருபது இடம் இருக்கிறது, ஒரு டீக்கு வழியில்லை. நிமலன்தான் பேசிக்கொண்டு வந்தார்.

“மகள் வயித்தில இருக்கேக்க படகேறினனான் அக்கா. இப்ப பன்னிரண்டு வயசு. இன்னும் நேரில காணேல்ல.”

“விசா?”

“தற்காலிகம்தான். போனா திரும்ப வரேலாது. அவையளைக் கூப்பிடவும் ஏலாது.” வளைவில் வேகத்தைக் குறைத்தார். “ஃபோனில எது கேட்டாலும் ஓம், இல்லை, அவ்வளவுதான். என்னத்தைக் கதைக்கிறது, பாவம், அவளுக்கு நான் ஆர்? போன மாசம் இந்தக் கூட்டைக் காட்டினன். அண்டைக்குத்தான் அவளா ஒரு கேள்வி கேட்டவள். ‘அப்பா, எத்தனை முட்டை?’ எண்டு.”

அன்று முதல் ஒவ்வொரு ஞாயிறும் நடந்து வந்து வீடியோவில் கூட்டைக் காட்டுகிறார். அரை மணி நேரம் விடாமல் பேசுகிறாளாம். குஞ்சு பொரிப்பதைக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். என்ன பறவை என்று அவள் கேட்டதற்குத்தான் பதில் தெரியவில்லை. அதற்குத்தான் நான்.

சாலையோரம் ஏற்கெனவே ஐந்து கார்கள் நின்றன. “இஞ்ச ஒருத்தரும் வாறேல்லையே” என்றார் நிமலன். மாட்டுப் பண்ணை வேலியை ஒட்டி இரண்டு கிலோமீட்டர் நடை. வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூத்திருந்தன, காலடியில் சேறும் சாணியும். மேடு ஏறும்போதே குரல்கள் கேட்டன. தமிழ்க் குரல்கள்.

குளக்கரையில் இருபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். புளியோதரை டப்பாக்கள் திறந்திருந்தன. தண்ணீர் ஓரத்தில் ஒரு எவர்சில்வர் தாம்பாளம், அதில் தண்ணீர் கலந்த பால். அன்னம் பாலை மட்டும் பிரித்துக் குடிக்கிறதா என்று பார்க்க ஆளாளுக்கு ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அன்னம் சப்பாத்தித் துண்டுகளைத் தின்றுகொண்டிருந்தது. அதன் கறுப்பு ஜோடி சிறகை விரித்துச் சீறிப் பிள்ளைகளைத் துரத்தியது. கூட்டில் யாரும் இல்லை. அதாவது, இரண்டு அண்டங்காக்கைகள் இருந்தன.

நிமலன் ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டு, செருப்போடு தண்ணீரில் இறங்கி நெஞ்சளவுக்குப் போனார். காக்கைகள் எழுந்து பறந்தன. கூட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார். அவர் திரும்பி வரும்போது கையில் வெளிர்பச்சை ஓடு ஒன்று இருந்தது.

“படம் ஃபார்வர்டா வந்துச்சுங்க, லொகேஷனும் இருந்துச்சு” என்றார் குளிர்கண்ணாடி போட்ட ஒருவர் என்னிடம். “நவராத்திரி வேற வருது. சரஸ்வதியோட அன்னம், பசங்களுக்கு ஒரு தடவ காட்டலாம்னு.”

நான் அன்னத்தைப் பார்த்தேன். சிவந்த அலகு, நுனிக்கருகே வெள்ளைப் பட்டை. ஐரோப்பிய அன்னமென்றால் ஆரஞ்சு அலகும் அடியில் கறுப்புப் புடைப்பும் இருக்கும். “இது கறுப்பு அன்னம். நிறம் இல்லாம பொறந்தது. லட்சத்துல ஒண்ணுன்னுகூடச் சொல்ல முடியாது” என்றேன்.

“அப்ப ஒரிஜினல் அன்னம் இல்லையா?” என்றார் அவர், ஏமாந்த குரலில்.

அந்த ஆளைக் குளத்தில் தள்ளிவிடலாம் போல இருந்தது. தாம்பாளத்தை எடுத்துக் கவிழ்த்துவிட்டு, எல்லாரும் கிளம்புங்கள் என்றேன். கிளம்பினார்கள். டப்பாக்களை மூடி, குப்பையைக் கூடப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மிக ஒழுங்காகக் கிளம்பினார்கள். அதுதான் எரிச்சலாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு ஃபோன் அடித்தது. இலங்கையில் காலை ஏழரை. நிமலன் ஈரச் சட்டையோடு எடுத்தார். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு முகம் திரையில் தெரிந்தது.

“அப்பா, பொரிச்சிட்டுதோ?”

“இல்லையம்மா. முட்டையளைக் காகம் கொண்டுபோட்டுது.”

நிமலன் அவசரமாக, “சிட்னியில இருந்து ஒரு அக்கா வந்திருக்கிறா. அது கறுப்பு அன்னம்தானாம், நிறம்தான் வெள்ளையாம். சரியான அபூர்வமாம்” என்றார்.

“ஓம்.”

“சாப்பிட்டியோ?”

“ஓம்.”

“பள்ளிக்கூடம் எல்லாம் ஒழுங்காப் போறியோ?”

“ஓம். அம்மாட்டக் குடுக்கிறன்.”

திரும்பி நடக்கையில் நிமலன் யாரையும் திட்டவில்லை. நான் திட்டினேன், அவருக்கும் சேர்த்து. லில்லிடேலில் ஆறு டாலர் காப்பியை அவரே வாங்கிக் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். ரயில் வந்தபோது, “அக்கா, வேற ஏதும் அபூர்வமான பறவை கிட்டடியில இருக்கோ?” என்று கேட்டார். “வாற ஞாயிறுக்கு.”

“பாத்துச் சொல்றேன்” என்றேன். சிட்னி போய்ச் சேரும்வரை விக்டோரியா மாநிலத்தில் எனக்குத் தெரிந்த பறவைகளையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். ஒரு தகப்பனோடு பேச ஒரு பிள்ளைக்குப் போதுமான பறவை எதுவென்று எனக்குத் தெரியவில்லை.