நாக்கில் ஒட்டியது

அகழாய்வுக் குழியில் அவருக்குப் பெயர் ‘நாக்கு’. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளத் தாளோடு சரி. சல்லடையில் வெள்ளையாகச் சின்னதாக ஏதாவது தங்கினால் போதும், “நாக்கைக் கூப்பிடு” என்பார்கள். அவர் அதைத் துடைத்து நாக்கு நுனியில் வைப்பார். ஒட்டிக்கொண்டால் எலும்பு, விழுந்தால் கல். பழைய எலும்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அவை ஈரத்தை இழுக்கும், அவ்வளவுதான் சூட்சுமம். வீட்டில் சாப்பாட்டில் உப்பு குறைவு என்று மட்டும் அவர் வாய் திறக்க முடியாது. “அந்த நாக்குக்கு உப்பு வேற தெரியுதா?” என்பாள் மனைவி.

மகளுக்குக் குழந்தை பிறந்ததும் மனைவியின் கேலி சட்டமாகிவிட்டது.

“கண்டதை நக்கின வாயோட பிள்ளைக்கு முத்தம் கொடுக்கக் கூடாது. அதை விட்டுட்டேன்னு சொல்லுங்க, பிள்ளையத் தர்றேன்.”

நியாயமாகத்தான் பட்டது. விட்டுவிட்டதாக வாக்குக் கொடுத்தார். குழியில் பல்வலி என்று சாக்குச் சொல்லி, வெள்ளைத் துண்டுகளைப் பொட்டலம் கட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். வீட்டிலோ பேத்தியின் கன்னம், உள்ளங்கால், மடிப்பு விழுந்த கழுத்து எதையும் விட்டுவைக்கவில்லை. மனிதர் முகத்தில் அப்படி ஒரு களை.

அப்புறம்தான் அந்தப் பானை வந்தது. எந்தக் காலத்திலோ இடிந்துபோன ஒரு வீட்டின் தரைக்கு அடியில், மூடி போட்டபடி இருந்தது. உள்ளே மண். வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

“தானியப் பானைன்னு நினைக்கிறேன்” என்றார் ஆய்வாளர் அம்மா. “வெறும் மண்ணுன்னா இங்கயே கொட்டிட்டுப் பானைய எடுத்துடலாம். வேற ஏதாவதுன்னா அசைக்காம தூக்கணும். உங்க பல்வலி தேவலையா?”

அவர் மண்ணில் விரலை விட்டார். மெல்லியதாக, கொஞ்சம் வளைந்து, முட்டை ஓடு போல ஒரு துண்டு வந்தது. கல்லாக இருந்துவிடக் கூடாதா என்று மனம் அடித்துக்கொண்டது. பொட்டலம் கட்ட நேரமில்லை. திரும்பி நின்று நாக்கில் வைத்தார்.

ஒட்டியது.

“கொட்டாதீங்கம்மா. தலை எலும்பு மாதிரி இருக்கு. ரொம்பச் சின்னது.”

மழைக்கு முன்னால் பானையைப் பஞ்சு சுற்றி மேலே ஏற்றினார்கள்.

மாலையில் வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே நின்றார். அவரைக் கண்டதும் பேத்தி காலை உதைத்தாள். கிட்டே போகவில்லை.

“என்ன, விருந்தாளி மாதிரி நிக்கிறீங்க?” என்றாள் மனைவி.

“வாக்குத் தவறிட்டேன்” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். “பச்சைப் பிள்ளையப் பானையில வச்சு வீட்டுக்குள்ளயே புதைச்சிருக்காங்க. வெளிய விட மனசு வரலை போல.”

மனைவி பேத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க நாக்குல வைக்கலேன்னா?”

“மண்ணோட மண்ணா மழையில கொட்டியிருப்போம்.”

“போய் வாய் கொப்பளிச்சிட்டு வாங்க.”

அவர் போய்க் கொப்பளித்தார். போதாது என்று மறுபடியும் கொப்பளித்தார். திரும்பி வந்தபோது மனைவி பேத்தியை அவர் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றாள். அவருக்குத்தான் கை எழவில்லை.

“இவளுக்கு ஒண்ணு கொடுங்க” என்றாள். “அந்தப் பிள்ளைக்கும் சேர்த்து இன்னொண்ணு கொடுங்க.”