கொட்டாயில் இருந்தவர்கள்

மான் வேட்டைக்குப் போன மாமா வெறுங்கையோடு திரும்பி வந்தது எனக்குப் பொறுக்கவே இல்லை. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. திருவொற்றியூரில், கடலை ஒட்டிய எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. படகில் போனவன் வலை இழுத்தானோ, தண்ணீர் இறைத்தானோ, வாந்தி எடுத்துக்கொண்டு சும்மா படுத்துக் கிடந்தானோ, கரைக்கு வந்தால் அவன் வீட்டுக்குக் குழம்பு மீன் போயாக வேண்டும். அதில் எந்த முதலாளியும் கை வைக்க மாட்டார். மாமாவோ நாலு நாள் மலையில் கிடந்துவிட்டு வந்திருக்கிறார், ஒரு துண்டு கறி இல்லை. போகும்போது கொண்டுபோன எங்கள் ஐஸ் பெட்டியும் இல்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். கடல் ஒத்துக்கொள்ளாததால் ஸ்டியரிங்கைப் பிடித்தவர். எண்ணூர் போகிற சாலையில் டிரெய்லர் லாரிகள் வைத்திருந்த ஓர் ஓனரிடம் வேன் ஓட்டினார். அந்த ஓனருக்கும் காலேஜில் படித்த அவர் மகனுக்கும் துப்பாக்கிப் பைத்தியம். ஆந்திர எல்லையைத் தாண்டி, மலைக்காட்டுக்குள் யாரோ போட்டுவிட்டுப் போன கொட்டாயில் தங்கி மான் சுடுவார்களாம். அங்கே வறுத்துத் தின்ன வஞ்சிரம் வேண்டும் என்று, என் நைனாவின் படகு நம்பர் எழுதிய எங்கள் பெட்டியையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

வந்த அன்று சாயங்காலம், கடலரிப்புக்காகக் கொட்டியிருக்கும் கருங்கல் மேல் உட்கார்ந்து மாமா கதை சொன்னார். கொட்டாயில் ஓனர், அவர் மகன், ஓனரின் கூட்டாளி ஒருவர், மாமா. விடிகிற நேரத்தில் குட்டைக்குத் தண்ணீர் குடிக்கப் புள்ளிமான் வரும்.

"காத்து நம்ம மூஞ்சில அடிக்கணும் மருமவளே. முதுவுல அடிச்சா நம்ம வாசன மானுக்குப் போய்டும், ஒரே ஓட்டம்."

மகன்தான் சுட்டானாம். முதல் குண்டு காலில் பட்டது. நொண்டிக்கொண்டு ஓடியதைத் துரத்திப் போய் இன்னொரு குண்டு. மாமா அதைக் கொட்டாய்வரை இழுத்து வந்தார். "கண்ணு மூடவே இல்ல அதுக்கு" என்றார். கொட்டாயில் ஒரு ராத்திரிகூடத் தூங்கவில்லையாம். அலைச் சத்தம் இல்லாத இடத்தில் எப்படித் தூங்குவது?

"நீ சுடலியா?"

"நா இன்னாத்த சுட்றது? டிரைவருக்கு எதுக்குத் துப்பாக்கி?"

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மிச்சக் கதை இன்னும் மோசம். கறியைப் பெட்டிக்குள் அடியில் வைத்து, மேலே ஐஸையும் மிஞ்சிய மீனையும் பரப்பியது மாமாவின் யோசனை. எங்கள் ஊரில் மீன் பெட்டியை எந்தப் போலீஸ்காரன் திறந்து பார்த்தான்? அந்த நினைப்பில் செய்துவிட்டார். ஓனரின் கார் முன்னால் போய்விட்டது. பின்னால் வந்த வேனைச் செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள். மலையிலிருந்து கடற்கரைக்குக் கடல் மீன் போவதைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அவர்கள் பெட்டிக்குள் கையை விட்டதும் மாமா குதித்து ஓடி, கிடைத்த பஸ்ஸில் ஏறி வீடு வந்து சேர்ந்தார்.

மறுநாள் ஓனரின் மேனேஜர் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"பெட்டில உங்க போட்டு நம்பரு கீது. எப்டியும் உன்னத்தான் புடிப்பாங்கோ. ஓனரையும் இழுத்து வுட்டா, அப்பால உன்ன யாரு வெளிய எடுக்கறது? வண்டிய கேக்காம எடுத்துகினு போய்ட்டேன்னு சொல்லு. மத்தத வக்கீல் பாத்துக்குவாரு."

அம்மா கத்தினாள். "கோயி கழுத்தக்கூடத் திருக மாட்டான்யா என் தம்பி! சுட்டவன் வூட்ல குந்திகினு கீறான், இவன் போய் ஜெயில்ல குந்தணுமா?"

மேனேஜர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். எனக்கு அதெல்லாம் பெரியவர்கள் சண்டை. மாமாவின் கதையில்தான் என் கவனம் இருந்தது. அதில் எனக்கு இன்னொரு கோபமும் சேர்ந்தது. கடலுக்குப் போய் வருகிறவர்கள் சொல்லும் மீன் ஒவ்வொரு தடவையும் ஒரு முழம் வளரும். மாமாவின் கதையோ தேய்ந்துகொண்டே போயிற்று. அன்று சாயங்காலம் திரும்பச் சொன்னபோது கொட்டாயில் கூட்டாளியைக் காணோம். அடுத்த நாள் ஓனரைக் காணோம். "எங்கே போனார்?" என்று கேட்டால், "அவுரு வரவேயில்ல" என்றார் மாமா. அதற்கும் அடுத்த நாள் மகனும் இல்லை. துப்பாக்கி மாமாவின் கைக்கு வந்துவிட்டது!

என் கோபமெல்லாம் பறந்தது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று குதித்தேன். மாமா தனியாகக் கொட்டாயில் இருந்தார், தனியாகக் குட்டைக்கரையில் பதுங்கினார், தனியாகச் சுட்டார். அலைச் சத்தம் இல்லாமல் தூக்கம் வராதது மட்டும் கதையில் அப்படியே இருந்தது.

"நீ கேளு மருமவளே, நா சொல்றேன்" என்றார். யார் சுட்டது, எத்தனை குண்டு, வண்டியை யாரைக் கேட்டு எடுத்தாய் என்று நான் வாத்தியார் மாதிரி கேட்டேன். பாதியில் அவர் "சின்ன ஓனரு" என்று வாய் தவறினால், "ஐயோ மாமா, நீதானே சுட்டே!" என்று தொடையில் கிள்ளுவேன். "ஆமா, ஆமா, நாந்தான்" என்பார்.

இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. பதினைந்து நாளில் வெளியே எடுத்துவிடுகிறோம் என்றார்கள். மாமா ஆந்திர ஜெயிலிலிருந்து வரும்போது நான் ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டேன். வக்கீல் ஒரு தடவைதான் போனாராம். அந்த வேனை வேறொருவர் ஓட்டிக்கொண்டிருந்தார். மாமா ஓனரின் லாரி யார்டு வாசலில் போய் நின்றபோது, கேஸ் உள்ளவனை வேலைக்கு வைக்க முடியாது என்று அதே மேனேஜர் சொன்னார். சொல்ல அவருக்குக் கூச்சமே இல்லை. சுட்ட மகன் இப்போது ஓனர். தெருவில் அவர் கார் வந்தால் இன்றும் எழுந்து நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் நிற்பதில்லை.

மாமா சரணடையப் போன காலையில், வேட்டியை மாற்றிக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். மேனேஜர் பைக்கில் காத்திருந்தார். "கடைசியா ஒரு தபா கேளு" என்றார் மாமா. நான் கேட்டேன். கொட்டாயில் யாரெல்லாம் இருந்தார்கள் என்பதிலிருந்து செக்போஸ்ட்வரை, ஓர் இடத்திலும் தடுமாறாமல் ஒப்பித்தார். ஒரு பிழைகூட இல்லை. நான் சந்தோஷம் தாங்காமல் கைதட்டினேன். பளாரென்று அம்மா என் கன்னத்தில் அறைந்தாள். கைதட்டியதற்கு எந்த ஊரில் அடிப்பார்கள்? மாமா போன பிறகும் நான் நாலு நாள் அம்மாவோடு பேசவில்லை.