'தமிழ்ல சொல்லு' என்ற என் பிடிவாதம்

கொல்கத்தாவின் டாலிகஞ்ச் பகுதியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. மகள் நித்யா சிறுமியாக இருந்தபோது, பள்ளிவிட்டு ஆட்டோவில் வரும் வழியெல்லாம் பெங்காலியும் தமிழும் கலந்து ஓயாமல் பேசுவாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதை நிறுத்தியவள் நான்தான். தாய்மொழி மறந்துவிடுமே என்று, "வீட்டுக்குள்ள தமிழ் மட்டும்தான்" என்று சட்டம் போட்டேன். பெங்காலியில் ஆரம்பித்தால், "தமிழ்ல சொல்லு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பத்தாம் வகுப்பில் அவள் பேச்சே குறைந்துபோனது. பொறுப்பு வந்துவிட்டது என்று பெருமைப்பட்டேன்!

ஒரு மே மாத மதியம் எதிர் ஃபிளாட் பெங்காலி அம்மா, நாங்கள் மாஷி (சித்தி) என்று கூப்பிடுபவர், "இந்த வெயில்லயும் ஏன் முழுக்கைச் சட்டையே போடறா?" என்று ஹிந்தியில் கேட்டார். கையில் எதையோ மறைக்கிறாளோ என்று எனக்குச் சுருக்கென்றது. உள்ளே போய் நித்யா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உன்னை நீயே காயப்படுத்திக்கிறியாம்மா? திட்ட மாட்டேன்" என்றேன்.

ஆமாம் என்று தலையாட்டினாள். பெங்காலியில் ஏதோ தொடங்கியவள், பயந்து நிறுத்தினாள்.

"எதுல வருதோ அதுல சொல்லுடி."

தோழிகள் ஒதுக்கியது, வாழவே பிடிக்காமல் போனது, எல்லாம் அழுகையோடு கொட்டியது. பாதிதான் புரிந்தது, ஆனால் அவள் கையை நான் விடவில்லை. மறுநாளே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன்.

இப்போது தேறி வருகிறாள். நான் மாஷியிடம் பெங்காலி கற்கிறேன். தினமும் மாலை டீ குடிக்கும்போது என் ஓட்டைப் பெங்காலியில் அவளிடம் பேச்சுக் கொடுக்கிறேன். "ஐயோ, அப்படி இல்லம்மா!" என்று அவள் திருத்தத் தொடங்கும்போது, ஆட்டோவில் வந்த அந்தச் சின்னப் பெண்ணின் குரல் கேட்கிறது.