வெஹ்பி அத்தானின் அம்மா எங்கே இருக்கிறாள்

என் அக்கா ஃபெரிதேயின் கணவர் வெஹ்பி இறந்தபோது அங்காராவிலிருந்து பேருந்து பிடித்துக் கட்சிக்காரர்கள் வந்து அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, குமட்டல்தான் வந்தது. அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அத்தான் பள்ளிக்கூட வாத்தியாராகத் தொடங்கியவர். மலை, நதி, ஏழையின் கண்ணீர் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் கவிதை எழுதுவார். பிறகு தேநீர்க்கடையில் நாற்காலிமேல் ஏறி நின்று பேச ஆரம்பித்தார். பேச்சு நன்றாகவே வரும், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். கோட்டுக் காலரில் எப்போதும் ஒரு கட்சிச் சின்னம் இருக்கும். எந்தக் கட்சி என்பது அந்தந்தத் தேர்தலைப் பொறுத்தது. கிராமத்துக்குப் போனால் கிழவர்களின் கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்வார். காரில் ஏறியதும் எலுமிச்சை வாசனைக் கொலோன் நனைத்த கைக்குட்டையால் உதட்டைத் தேய்ப்பார். வண்டி ஓட்டும் நான் கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்ப்பேன்.

"என்ன மச்சான், முறைக்கிற?"

"ஒண்ணுமில்ல அத்தான். உதடு தேஞ்சிடப் போகுது."

"தேஞ்சாலும் ஓட்டு விழும்டா" என்று சிரிப்பார்.

அவர் நகராட்சித் தலைவராக இருந்தபோதுதான் அணை வந்தது. எங்கள் பழைய கிராமமான தாஷ்பெலென் முழுகப்போகிறது என்று தெரிந்ததும் சனங்கள் கபர்களை நினைத்துத்தான் பதறினார்கள். வீட்டை வேறு இடத்தில் கட்டிக்கொள்ளலாம். செத்தவர்களைத் தண்ணீருக்கு அடியில் விட்டுவிட்டு எப்படி வருவது? அந்தக் கிராமத்து ஹாஜர் அக்கா நகராட்சி வாசலில் வந்து நின்றாள். அம்மை போட்டு இறந்த அவளுடைய ஒரே மகன் யூனுஸ் அங்கேதான் கிடந்தான்.

"வாத்தியாரே, எம் பிள்ளைய மட்டும் மேல கொண்டுவர விடுங்க. நானே தோண்டிக்கிறேன்."

"நீங்க தோண்டக் கூடாதுக்கா, சட்டம் இருக்கு. எல்லாக் கபரையும் அரசாங்கமே மாத்திக் கொடுக்கும். நிம்மதியாப் போங்க."

அவள் நம்பிப் போனாள். அதே வாரத்தில் நகராட்சியின் மண்தோண்டும் இயந்திரம் தாஷ்பெலெனுக்குப் போய் ஒரே ஒரு கபரைத் தோண்டியது. அத்தானின் அம்மா ஜெவ்ரியே அத்தையின் எலும்புகள் ஊருக்கு மேலே மலைச்சரிவில் புதைக்கப்பட்டு, மேலே பளிங்குக் கல்லும் நின்றது. பக்கத்து இடத்தை அத்தான் தனக்கென்று வாங்கி வைத்துக்கொண்டார். அரசாங்கம் வரவேயில்லை. தண்ணீர்தான் வந்தது.

அதன்பிறகு ஒரு முறை நாடாளுமன்றம் போனார். அடுத்த முறை சீட்டுக் கிடைக்கவில்லை. சும்மா இருக்க முடியாமல் தன் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தார். 'நீருக்கடியில் என் அம்மா' என்று புத்தகம் வந்தது. தாயின் எலும்புகளை எடுக்க அனுமதி கேட்டு இந்தத் தலைவர் எப்படிக் கெஞ்சினார், அரசு எப்படி மறுத்தது, கடைசி நாள் கபர்க்கல்லைக் கட்டிக்கொண்டு எப்படி அழுதார் என்று பக்கம் பக்கமாக இருந்தது. இதில் ஒரு சொல்லும் கற்பனையில்லை என்று பின்னட்டையில் வேறு போட்டிருந்தார்கள். இஸ்தான்புல்லில் பரிசு கொடுத்தார்கள். தொலைக்காட்சியில் கண்ணைத் துடைக்க எடுத்தாரே ஒரு கைக்குட்டை, அது அந்தக் கைக்குட்டையேதான். பெட்டியை அணைத்துவிட்டுக் கையைக் கழுவினேன்.

ஊரில் அத்தனை பேருக்கும் உண்மை தெரியும். ஆனால் ஒருவனுக்கு மகனுடைய வேலை ஆக வேண்டும், இன்னொருவனுக்குக் கடை உரிமம். அதனால் வரிசையில் நின்று கையெழுத்து வாங்கினார்கள். ஹாஜர் அக்காவும் போனாள். பக்கத்து வீட்டுப் பெண் அவளுக்குப் புத்தகத்தைப் படித்துக் காட்டியிருந்தாள்.

"உங்கம்மா மேலதானே இருக்காங்க, வாத்தியாரே? தண்ணிக்குள்ள கெடக்கிறது எம் பிள்ளையில்ல?"

"இது இலக்கியம்க்கா. உங்களுக்குப் புரியாது" என்று சொல்லி, அடுத்தவரின் புத்தகத்தை வாங்கினார்.

போன மாதம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். அடக்கத்தன்று காலையில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இறந்தவருக்கான ஜனாசா தொழுகை முடிந்ததும் இமாம் கூட்டத்தைப் பார்த்து, இவர்மேல் உங்களுக்குள்ள பாத்தியதையை மன்னித்துப் பொருந்திக்கொண்டீர்களா என்று கேட்பார். ஒருவர் பொருந்தாவிட்டாலும் அந்தச் சுமை இறந்தவரோடு போகும். அக்காவுக்கு அந்தப் பயம்.

"ஹாஜர்கிட்டப் போய்க் கேளுடா. ஒரு வார்த்தை சொல்லிடச் சொல்லு."

போய்க் கேட்டேன். ஹாஜர் அக்கா யோசிக்கவே இல்லை.

"அவங்கம்மா எங்க இருக்காங்கன்னு வந்தவங்களுக்குக் காட்டுங்க. நான் பொருந்திக்கிறேன்."

திரும்பி வந்து சொன்னேன். அக்கா முகம் வெளுத்தது. "செத்தவர நாறடிக்கச் சொல்றாளா? முடியாது" என்றாள். கட்சிக்காரர்களிடம் ஏதோ சொல்லியனுப்பினாள்.

பள்ளிவாசல் முற்றத்தில் இமாம், இவரை எப்படி அறிந்திருந்தீர்கள் என்று கேட்டார். நல்லவராக என்று எல்லோரும் கத்தினார்கள். அவரிடம் அதிகம் ஏமாந்தவன்தான் அதிகம் கத்தினான். பொருந்திக்கொண்டீர்களா என்று கேட்டபோதும் அப்படியே. பின்னால் பெண்கள் வரிசையில் ஹாஜர் அக்கா வாய் திறக்கவில்லை. என் அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலைச்சரிவுக்குப் போனால், தோண்டிய குழிக்குப் பக்கத்தில் ஜெவ்ரியே அத்தையின் கல்மேல் கட்சியின் மலர் வளையங்களை அடுக்கிச் சாய்த்து வைத்திருந்தார்கள். பளிங்குக் கல்லில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. அக்கா எதற்குச் சொல்லியனுப்பினாள் என்று அப்போதுதான் புரிந்தது. அங்காராவிலிருந்து வந்த பத்திரிகைக்காரர் ஒருவர், புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கீழே நீர்த்தேக்கத்தைக் காட்டி, "அம்மா அங்கே, மகன் இங்கே, என்ன கொடுமை!" என்று பக்கத்தில் நின்றவரிடம் உருகினார்.

நான் கல்லுக்குப் பக்கத்தில் போனேன். வளையங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டேன்.

"டேய், தஹ்சின், வேணாம்டா!" என்று அக்கா அலறினாள்.

பத்திரிகைக்காரர் குனிந்து கல்லைப் படித்தார். ஜெவ்ரியே, வெஹ்பியின் தாய். புத்தக அட்டையை ஒரு முறை பார்த்தார். அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கட்சிக்காரர்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஹாஜர் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் அக்காவின் தோளில் கை வைத்தாள்.

"அழாத ஃபெரிதே. சொன்ன சொல்லு தவற மாட்டேன், என் பங்கைப் பொருந்திக்கிட்டேன். எம் பிள்ளையோட பங்கு என்னுது இல்லம்மா. அத அவரே போய் அவன்கிட்டக் கேட்டுக்கட்டும்."